கடலுக்குள் போவதை வீட்டில் சொல்ல முடியவில்லை

கடிதம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 35 வயது. கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் அதிகாரி. கணவருக்கு 39, மோட்டார் பம்ப்புக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். எட்டு வயதில் ஒரு மகன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு குடும்பத்தோடு அந்தமான் போனபோது ஹேவ்லாக் தீவில் முதல்முறையாக ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள், இறங்கினேன். அரை மணி நேரம்தான். மேலே வந்ததும் அழுதுவிட்டேன். மறு வருடம் அங்கேயே போய் நான்கு நாள் பயிற்சி முடித்து ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கினேன். 18 மீட்டர் வரை இறங்கலாம். இதுவரை 19 முறை இறங்கியிருக்கிறேன். டார்கெட், வாராக்கடன், வீட்டுக் கணக்கு என்று எந்நேரமும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும் என் தலை, கீழே மட்டும்தான் அமைதியாகிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால்தான் இவ்வளவு சிக்கலும்.

அம்மாவிடம் பேச்செடுத்தாலே, "கண்ணு, உனக்குத் தண்ணியில கண்டம்னு ஜோசியர் அப்பவே சொன்னாரு" என்று ஆரம்பித்துவிடுவார். அம்மாவின் தம்பி, என் மாமா, எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது பவானி ஆற்றில் மூழ்கி இறந்தவர். மாமியார் என்னிடம் நேரில் எதுவும் சொல்வதில்லை. வருகிற போகிறவர்களிடம், "பையனை விட்டுட்டுக் கடலுக்குள்ள போகுது" என்பார். வங்கியில் முதலில் ஆசையாகக் கேட்டார்கள். இப்போது நான் போனைக் கையில் எடுத்தாலே, "கடல்கன்னி வந்தாச்சு" என்று எழுந்து போகிறார்கள். "ஆக்ஸிஜன் தீர்ந்துட்டா?", "சுறா வந்தா?", "ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகும்?" இந்த மூன்றைத் தவிர வேறு கேள்வியே யாருக்கும் இல்லையா என்று ஆத்திரமாக வருகிறது.

அதிகம் வலிப்பது கணவர்தான். திட்டமாட்டார், தடுக்கமாட்டார். "போறதா இருந்தா போ, எங்கிட்ட எதுக்குக் கேக்கற?" அவ்வளவுதான். வீடியோ காட்டினால் பாதியிலேயே பட்டறைக்குப் போன் பேசப் போய்விடுவார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஹேவ்லாக்கில் எங்கள் படகு 11 மணிக்குத் திரும்ப வேண்டியது, பன்னிரண்டே காலுக்குத்தான் வந்தது. கரையில் மகனோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடந்த மாதம் ஒரு தப்பு செய்தேன். சென்னையில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரி போய் சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு இரண்டு என நான்கு முறை இறங்கினேன். ஆழம் 16 மீட்டர்தான். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கடைசியாக மேலே வந்தேன். இரவு பஸ்ஸில் வலது தோளில் ஒரு வலி ஆரம்பித்தது. திங்கள்கிழமை விடுமுறை. கணவரின் சொந்தக்காரர்களோடு ஊட்டி போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. காலை எட்டரைக்கு ஊட்டியில் இருந்தோம். அங்கே வலி கூடியது. யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் வலி மாத்திரை போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இப்போது ஐந்து வாரம் ஆகிறது.

அடுத்த மாதம் மறுபடி போகத் தோன்றுகிறது. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? இல்லை, விட்டுவிடுவதுதான் சரியா? மகன் மட்டும்தான் ஆசையாகக் கேட்கிறான். போன வாரம், "அம்மா, நீ கீழ இருக்கறப்ப நான் போன் பண்ணினா எடுப்பியா?" என்றான். பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டேன்.

— ஒரு வாசகி, கோவை

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அந்தத் தோள்வலியைப் பேசியாக வேண்டும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பதற்றம் தந்தது அதுதான்.

ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் மூச்சுக்காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு பல மணி நேரம் அது மெதுவாக வெளியேறிக்கொண்டிருக்கும். வேகமாக வெளியேறினால் குமிழியாகிவிடும். அழுத்தத் தளர்வு நோய் என்று பயிற்சியில் படித்திருப்பீர்கள். அது அதிகம் வலி காட்டுகிற மூட்டுகளில் தோளும் முழங்கையும் உண்டு. பெரும்பாலும் மேலே வந்த சில மணி நேரத்திலும், ஏறக்குறைய எப்போதும் 24 மணி நேரத்துக்குள்ளும் அறிகுறி தெரிந்துவிடும். உங்கள் வலி தொடங்கிய நேரம் அந்தக் கணக்குக்குள் வருகிறது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனுக்கு, மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான். பல நாள், பல முறை இறங்கினால் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். 24 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது. நீங்கள் பதினெட்டரை மணி நேரத்தில் ஊட்டியில் இருந்தீர்கள். கணக்கு எப்படியிருந்தாலும், வலி ஆரம்பித்த பிறகு மலை ஏறியிருக்கவே கூடாது.

அது அந்த நோய்தான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. காற்று நிரப்பிய சிலிண்டர் ஒன்று 16, 17 கிலோ இருக்கும். அதைத் தூக்கியதில் தசை பிடித்திருக்கலாம். ஆனால் வலி மாத்திரை போட்டதால் இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. அடுத்த மாதப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். நீருக்கடி மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம், டைவ் கம்ப்யூட்டரில் பதிவான அந்த நான்கு இறக்கங்களின் ஆழம், நேரம், இடைவெளி எல்லாவற்றையும் காட்டுங்கள். நான்கில் ஒருவருக்கு இதய அறைகளுக்கு நடுவில், பிறப்பில் மூடவேண்டிய ஒரு சிறு வழி மூடாமலே இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமா என்பதையும் அவரே முடிவு செய்வார். அவர் சரி என்று சொல்லும்வரை கடலில் இறங்காதீர்கள்.

இனி எப்போதாவது இறங்கிய அன்றோ மறுநாளோ மூட்டு வலி, மரத்துப்போதல், கைகால் சோர்வு, தலைசுற்றல், தோலில் திட்டுத்திட்டாகத் தடிப்பு, சிறுநீர் பிரியாமை எதுவாக இருந்தாலும் உடனே உங்களை இறக்கியவர்களைக் கூப்பிடுங்கள். படுத்துக்கொள்ள வேண்டும், நூறு சதவீத ஆக்ஸிஜன் வேண்டும், அழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எது என்று தெரிய வேண்டும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்புக்கு 24 மணி நேர உதவி எண் உண்டு. அதைப் போனில் பதிந்து வையுங்கள், வீட்டிலும் ஒருவரிடம் கொடுங்கள். இப்போது யோசித்துப் பாருங்கள்: அந்த இரவு பஸ்ஸில் உங்களுக்குக் கால் மரத்துப்போயிருந்தால், கணவருக்கு யார், என்னவென்று சொல்லியிருப்பார்கள்? சென்னையில் வகுப்பில் இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கோவையில் எந்த அவசரப் பிரிவுக்குப் போயிருந்தாலும், கடலில் இறங்கியதை நீங்கள் சொல்லாவிட்டால் அங்குள்ள டாக்டருக்கு அந்த நோய் ஞாபகத்துக்கே வராது. நீங்கள் சொன்ன பொய்யால் முதலில் ஆபத்துக்குள்ளானது உங்கள் உடம்பு.

இதைக் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். பொய் சொல்லும் இடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. வீட்டில் நீங்கள் எதிர்பார்த்தது அனுமதி இல்லை. யாராவது ஒருவர் உங்களோடு சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்பதுதான். அது நான்கு பக்கமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு பேரும் ஒரே காரணத்துக்காக முகம் திருப்பவில்லை. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியும்.

எளிதானதில் தொடங்குவோம்: வங்கி. அவர்கள் உங்களைப் பொறாமையில் ஒதுக்குவதாக நினைக்க வேண்டாம். 2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், அவர்களோடு திமோதி வில்சன் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு மட்டும் அருமையான வீடியோ. மற்ற மூவருக்கும் சுமாரான ஒன்று. பிறகு நால்வரையும் பேசவிட்டார்கள். அருமையானதைப் பார்த்தவர்தான் பேச்சில் ஒட்டாமல், விலக்கப்பட்டதாக உணர்ந்தார். மற்ற மூவருக்கும் பேசப் பொதுவாக ஒன்று இருந்தது. அதே மூவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமாக உங்களுக்குப் பொருந்தும்: கேட்பவர்களுக்குத் தாங்கள் அறியாத புதுமையைவிட, ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பற்றிய பேச்சுதான் பிடிக்கிறது. பார்க்காததை மனதில் கட்டி எழுப்பப் பேசுபவர் சொல்லும் விவரம் போதாது.

கீழே எடுத்த வீடியோவை ஒருமுறை அவர்கள் கண்ணால் பாருங்கள். பச்சைத் தண்ணீர், நடுவில் ஏதோ அசைகிறது, கொர் கொர் என்று மூச்சுச் சத்தம், கேமரா ஆடுகிறது. நாலு நிமிடம். உங்களுக்கு அந்தக் குளிர், மிதப்பு, மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டரைப் பல்லால் கடித்திருப்பது எல்லாம் கூடவே ஞாபகம் வரும். அவர்களுக்குத் திரை மட்டும்தான். அதனால் ஒரே ஒரு படம், ஒரு நிமிடப் பேச்சு, அதுவும் அவர்களுக்குத் தெரிந்த பொருளிலிருந்து. தட்டில் வறுத்துப் பார்த்த பாறை மீன், கூட்டமாக ஒரே நேரத்தில் திரும்பும்போது எப்படி வெள்ளித்தகடு மாதிரி மின்னும் என்று சொல்லுங்கள். மீன் தின்னும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். "ஆக்ஸிஜன் சிலிண்டர்" என்று சொல்பவரை ஒவ்வொரு முறையும் "அது வெறும் காற்று" என்று திருத்தவும் வேண்டாம். அந்த மூன்று கேள்விகளும் உங்களைச் சீண்டக் கேட்பவை இல்லை. நீரைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதால் அங்கிருந்து கேட்கிறார். மீதி ஆசையைப் பேசித் தீர்க்க, கூட இறங்கிய நாலு பேரின் வாட்ஸ்அப் குழு போதும்.

அம்மாவின் விஷயம் வேறு. அவர் சொல்லும் கண்டத்தை ஜாதகமாக எடுத்துக்கொண்டு வாதாடினால் இருவரும் தோற்பீர்கள். அவருடைய தம்பி ஆற்றோடு போனவர். தண்ணீர் என்றதும் அவருக்கு வருவது அந்த நாள். அன்று யார் ஓடிவந்து சொன்னார்கள், அப்போது கையில் என்ன வேலை இருந்தது என்பது வரை இருக்கும். முப்பது வருடமாக அதைப் பேச அவருக்குக் கிடைத்த ஒரே சொல் "கண்டம்". ஒரு மதியம் போய் உட்கார்ந்து, "மாமா போன அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஸ்கூபாவை அன்று எடுக்கவே வேண்டாம். "இனிமே போகமாட்டேன்" என்று அவர் அழுகையை நிறுத்துவதற்காகச் சத்தியம் செய்துவிடாதீர்கள். காப்பாற்ற முடியாத சத்தியம் அடுத்த பொய்யில்தான் கொண்டுபோய் நிறுத்தும். போய்வந்த பிறகு ஒரு போன், அதை மட்டும் உறுதியாகக் கொடுங்கள்.

மாமியாருக்கு நீங்கள் நேராக எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நீங்கள் இல்லாத இரண்டு நாளும் பையனைப் பார்த்துக்கொள்பவர் அவர். சொல்லிக்கொண்டு போங்கள், வந்ததும் நன்றி சொல்லுங்கள். மகன் என்ன நிலையில் இருக்கிறானோ அதைப் பொறுத்துத்தான் அவர் பேச்சு மாறும்.

இனி உங்கள் கணவர். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது. அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. படகு ஒன்றே கால் மணி நேரம் தாமதம். நீச்சல் தெரியாத மனிதர், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து நிற்கிறார். யாரைக் கேட்பது என்று தெரியாது, கேட்டால் மகன் பயந்துவிடுவான். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பார்களே, அது. நீங்கள் ஓடிவந்து பவளப்பாறையைப் பற்றிச் சொல்கிறீர்கள். அந்த எழுபத்தைந்து நிமிடம் அவருக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. வீடியோ ஓடும்போது அவர் எழுந்துபோவது சலிப்பால் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அந்த மூச்சுச் சத்தத்தை அவரால் கேட்க முடியாமலும் இருக்கலாம்.

நல்ல செய்தி சொல்லும்போது துணை எப்படி எதிர்வினை காட்டுகிறார் என்பதை ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் தம் குழுவினரோடு 2004இல் ஆராய்ந்தார். சிலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள், சிலர் "ம்" என்று நிறுத்திவிடுகிறார்கள், சிலர் குறை கண்டுபிடிக்கிறார்கள், சிலர் பேச்சையே மாற்றுகிறார்கள். முதல் வகை கிடைக்கும் தம்பதிகள்தான் உறவில் நிறைவாக இருக்கிறார்கள். உங்களுக்கு வலிப்பது நியாயம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் பயந்துகொண்டிருக்கும் ஒருவரால் அந்த முதல் வகையில் கேட்க முடியாது. பயம் முதலில் பேசப்பட வேண்டும்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு "ஒண்ணும் ஆகாது" என்பது. பயப்படுபவர் காதில் அது, "உன் பயத்தைப் பேசாதே" என்றுதான் விழும். "ரோட்டுல போனாக்கூடத்தான் அடிபடுது" என்ற ஒப்பீடும் அப்படியே. தெரியாத ஆபத்தும், தன் கையில் இல்லாத ஆபத்தும் பெரிதாகவே தெரியும். எந்தப் புள்ளிவிவரமும் அதைச் சுருக்காது. உங்கள் கணவர் இயந்திரத்தோடு புழங்குபவர். எது எங்கே பழுதாகும், பழுதானால் அடுத்து என்ன என்பதுதான் அவருக்குத் தெரிந்த மொழி. அந்த மொழியிலேயே சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு, காற்று தீர்ந்துபோவது. பேப்பரில் கணக்குப் போட்டே காட்டலாம். சிலிண்டர் 11 லிட்டர், அதில் 200 பார் அழுத்தம் (தரையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்), ஆக 2,200 லிட்டர் காற்று. 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பது விதி; செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு 16 மீட்டரில் அழுத்தம் 2.6 மடங்கு என்பதால் 52 லிட்டர் செலவாகும். ஏறக்குறைய 32 நிமிடம். பதற்றப்பட்டாலோ நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினாலோ இன்னும் குறையும். அதனால்தான் சில நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தமானியைப் பார்ப்பது, கூட இறங்குபவரிடம் கையால் எண்ணைக் காட்டுவது. அப்படியும் தீர்ந்துவிட்டால் கழுத்தை வெட்டுவதுபோல் கையைக் காட்டி, அவருடைய இரண்டாவது ரெகுலேட்டரை வாங்கிச் சுவாசித்தபடி இருவரும் ஒன்றாக மேலே வர வேண்டும்.

இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தொடக்கம் எது என்று கண்டறிய முடிந்தவற்றில் சுமார் 41 சதவீதத்தில் காற்றுப் பற்றாக்குறைதான் முதல் சிக்கல். சுறா ஒரு பொருட்டே இல்லை. ஆளைச் செயலிழக்கவைத்த காரணங்களில் இதயக் கோளாறு ஏறக்குறைய கால் பங்கு. உங்கள் கணவர் பயப்பட வேண்டியது எதற்கு, நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது எதில் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் 10 மீட்டரில் நுரையீரலில் இருந்த காற்று மேற்பரப்பில் இரு மடங்காகும். அதனால் எந்த நிலையிலும் மூச்சை நிறுத்தக்கூடாது என்பது முதல் பாடம். மெதுவாக, நிமிடத்துக்கு 9, 10 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. சளி பிடித்திருந்தால் காது அடைப்பு நீங்காது, அன்று இறங்கக்கூடாது. "சளி பிடிச்சிருந்தா படகு காசு போனாலும் பரவாயில்லைன்னு விட்டுடுவேன்" என்று நீங்கள் சொல்லும்போது அவர் நம்பத் தொடங்குவார்.

ஆனால் இந்தக் கணக்குக்கெல்லாம் முன்னால், புதுச்சேரியைச் சொல்லியாக வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே. மகன் தூங்கிய பிறகு, மாமியார் காதில் விழாத இடத்தில், சுருக்கமாக: "போன மாசம் சென்னை போகல, புதுச்சேரி போயி நாலு தடவ இறங்கினேன். உங்ககிட்ட பொய் சொன்னது தப்பு. அன்னைக்கு ராத்திரி தோள் வலிச்சுது, அதையும் சொல்லல. டாக்டரைப் பார்க்கணும், நீங்களும் வரணும்." அவ்வளவோடு நிறுத்துங்கள். "நீங்க பேசாததாலதான் பொய் சொன்னேன்" என்ற வரி நாக்கு நுனியில் நிற்கும். அன்று அது வேண்டாம். அதில் உண்மை இருந்தாலும், மன்னிப்போடு சேர்ந்து வந்தால் குற்றச்சாட்டாகிவிடும். அடுத்த பயணத்துக்கு அனுமதியும் அன்று கேட்காதீர்கள். அவர் கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறிய பிறகு, "ஹேவ்லாக்ல படகு லேட்டான அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கம் கொடுக்காதீர்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களைப் பற்றி ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குபவர், தன்னை மேலே இழுக்கும் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார் என்பார்கள். தன் தங்கை தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. கடலுக்குள் போகாதவருக்கும் அந்த வேலையில் ஒரு பங்கு இருந்தது. உங்கள் கணவருக்கு நீங்கள் இதுவரை வேடிக்கை பார்ப்பவர் இடத்தை மட்டுமே கொடுத்திருக்கிறீர்கள். கயிற்றைக் கொடுங்கள்.

அரைப் பக்கத் தாள் போதும். இறக்குபவர்களின் பெயர், அங்கு எப்போதும் எடுக்கப்படும் ஒரு எண், படகு கிளம்பும் நேரம், எத்தனை முறை, எவ்வளவு ஆழம், நீங்கள் போன் செய்யும் நேரம். கடைசியாகச் சொன்னதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். நீரிலிருந்து ஏறும் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். பிறகு படகு திரும்ப, சிலிண்டர் இறக்க, உடை மாற்ற, சிக்னல் கிடைக்க என்று இரண்டு மணி நேரம் போய்விடும், வீட்டில் உயிர் போய் உயிர் வரும். பன்னிரண்டுக்கு ஏறுவீர்கள் என்றால் இரண்டரைக்குப் போன் என்று எழுதுங்கள். மூன்றரை வரை வரவில்லை என்றால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும், அவர்களும் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதும் அதில் இருக்கட்டும். உதவி எண், உங்கள் ரத்த வகை, காப்பீட்டு எண் அதன் கீழே. காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை: பல ஆயுள், மருத்துவ, பயணக் காப்பீடுகளில் சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும். உங்களுடையதை எடுத்து அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். ஸ்கூபாவுக்கென்றே தனிக் காப்பீடு கிடைக்கிறது. திரும்பிய பிறகு 24 மணி நேரம் விமானம் இல்லை, மலை இல்லை என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். தெரிந்திருந்தால் ஊட்டித் தேதியை அன்று அவர் மாற்றியிருப்பார்.

அவரையும் இறங்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அன்பினால்தான் செய்வீர்கள், ஆனால் நீரைக் கண்டு அஞ்சுபவரை நேராகக் கடலில் இறக்கினால் அவர் முகமூடிக்குள் முதல் துளி தண்ணீர் வந்ததும் பதறுவார், அந்தப் பயம் பிறகு போகவே போகாது. அவராகக் கேட்டால் நீச்சல் குளத்தில், நிற்கும் ஆழத்தில் தொடங்கலாம். கேட்கவே இல்லையென்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

விட்டுவிடுவதா என்று கேட்டீர்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் விட்டுத்தான் ஆக வேண்டும். அந்தத் துக்கம் பெரியது, அப்போது எழுதுங்கள், அதைத் தனியாகப் பேசலாம். வீட்டில் பேசுவது கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக விட வேண்டாம். தலை அமைதியாகும் இடம் ஒருவருக்குக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் வருடத்தில் பத்து மணி நேரம் மட்டும்தான் அந்த அமைதி கிடைக்கிறது என்றால், மற்ற நாட்களில் வேலை உங்களை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றியும் எழுதுங்கள்.

மகன் கேட்ட கேள்விக்கு இன்றே பதில் சொல்லிவிடுங்கள். "கீழ இருக்கறப்ப போன் எடுக்க முடியாது கண்ணா. மேல வந்ததும் முதல் போன் உனக்குத்தான். இரண்டரைக்கு." மேலே போகலாம் என்பதற்குக் கட்டை விரலைத் தூக்க வேண்டும், எல்லாம் சரி என்பதற்குக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தத் தாளில் நேரத்தை எழுதும் வேலையும் அவனுடையதாக இருக்கட்டும்.